அறிவும் அடக்கமும்: ஆளுமைக் கோளாறும் குற்றப் பொறுப்பும்

திருவாரூர்த் தெருவில் தேர்க்காலில் சிக்கிக் கன்று மடிந்த கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். பெரியபுராணம் உரைக்கும் அக்கதையில், அரசிளங்குமரன் கன்றைக் கொல்லக் கருதியவன் அல்லன். துள்ளி ஓடிவந்த கன்றே தேர்க்காலில் அகப்பட்டது. அமைச்சர் எடுத்துரைத்தும் மனுநீதிச் சோழன் இணங்கவில்லை. நிகழ்ந்த செயலையும், மணியை அசைத்து முறையிட்ட பசுவையும் மட்டுமே அவன் கண்டான். செய்தவனின் உள்ளத்தை எடைபோட முற்படவில்லை. அறத்தின் உறுதிக்கு அக்கதை காலங்காலமாகச் சான்றாகி நிற்கிறது.

ஆயின், அதே வழக்கு இன்றைய வழக்குமன்றம் ஒன்றில் வந்திருக்குமேல், முதலில் எழும் வினா வேறாக இருந்திருக்கும். செய்தவன் எண்ணிச் செய்தானா என்று மன்றம் கேட்டிருக்கும். குற்றச் செயலோடு குற்ற மனமும் கூடினாலன்றி ஒருவனைக் குற்றவாளி எனக் கொள்ளலாகாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் நெடுநாளைய கொள்கை. மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளின் குற்றவியல் சட்டமும் அக்கொள்கையின்மேல் எழுப்பப்பட்டதேயாகும்.

செய்தவனின் உள்ளத்தை நோக்கத் தொடங்கிய சட்டத்திற்குச் சிறு குழந்தையையும், தன்னை மறந்த பித்தனையும் பொறுப்பினின்று விலக்குதல் அரிதன்று. இவ்விரு சாராரிலும் சேராத மூன்றாம் சாரார் சிலர் உளர். அவர்கள் காதில் இல்லாத குரல் கேட்பதில்லை. கண்முன் இல்லாத உருவம் தோன்றுவதில்லை. கணக்குப் போடுவர், கடிதம் எழுதுவர், கொலை செய்தால் தண்டனை உண்டு என்பதையும் நன்கு அறிவர். ஆயினும், பிறர் துன்பம் அவர்கள் நெஞ்சைத் தொடுவதில்லை. அல்லது பொங்கியெழும் வேட்கையையும் வெகுளியையும் தடுக்கும் ஆற்றல் அவர்களிடம் மிகக் குன்றியிருக்கும். மருத்துவர்கள் இந்நிலையை ஆளுமைக் கோளாறு வகைகளுள் ஒன்றாகக் குறிப்பர். காய்ச்சல்போல் வந்து போகும் நோயன்று அது. இளமையிலேயே வேரூன்றி, எண்ணம், உணர்ச்சி, பிறரோடு பழகும் முறை ஆகிய அனைத்திலும் ஊடுருவி நிற்கும் கோணல் எனலாம். இக்கோளாறு உடையோர் எல்லாரும் குற்றவாளிகள் ஆவதில்லை என்பதும், அவருட் பலர் தாமே பெரிதும் துன்புறுபவர் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கன.

இத்தகையோன் ஒருவன் கொலை புரிந்தால் அவனை முழுப் பொறுப்புடையவன் என்பதா, பொறுப்பற்றவன் என்பதா, இரண்டிற்கும் இடைப்பட்டவன் என்பதா? இருநூறு ஆண்டுகளாக மேலைநாட்டு மன்றங்களைக் குழப்பி வந்த வினா இது. இவ்வினாவிற்குக் கிடைத்த விடையால் சிலர் தூக்குமேடை ஏறினர். சிலர் உயிர் தப்பினர்.

அறிந்தானா என்ற ஒரே வினா

1800ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், இலண்டன் டுரூரி லேன் நாடக அரங்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நோக்கி ஜேம்ஸ் ஹேட்பீல்டு என்னும் பழைய போர்வீரன் சுட்டான். குண்டு குறி தவறியது. போர்க்களத்தில் தலையில் வாள்வெட்டு ஏற்ற அவன், தன் சாவினால் உலகம் உய்யும் என்று நம்பியவன்; அரசின் கையால் சாக வேண்டியே அவ்வாறு செய்தான். அவனுக்காக வாதாடிய எர்ஸ்கின் என்னும் வழக்குரைஞர், முற்றும் அறிவிழந்தவனே பித்தன் என்னும் பழைய அளவுகோல் போதாது எனக் காட்டி, அவனை மரணத்தினின்று மீட்டார்.

அடுத்துவந்த பெருவழக்கே சட்டத்தின் போக்கை வரையறுத்தது. கிளாஸ்கோ நகரில் மரம் கடையும் தொழில் செய்த டேனியல் மெக்நாட்டன், ஆளுங்கட்சியினர் தன்னை ஓயாது துரத்துகின்றனர் என்ற பொய்ந்நம்பிக்கையில் உழன்றவன். 1843 சனவரி 20ஆம் நாள், தலைமை அமைச்சர் இராபர்ட் பீலின் தனிச் செயலாளர் எட்வர்டு டிரம்மண்டைச் சுட்டான். டிரம்மண்டு சில நாளில் உயிர் நீத்தார். மருத்துவர்களின் சான்றை ஏற்று, மனநலமற்றவன் என்று ஜூரிகள் அவனை விடுவித்தனர். அரசி விக்டோரியாவும் பொதுமக்களும் சினந்தனர். பிரபுக்கள் அவை நீதிபதிகளை அழைத்து ஐந்து வினாக்களைத் தொடுத்தது. அவர்கள் அளித்த விடைகளே மெக்நாட்டன் விதிகள் எனப் பெயர் பெற்றன.

அவ்விதிகளின் சாரம் சுருக்கமானது. ஒவ்வொருவனும் நல்லறிவு உடையவன் என்றே முதலில் கொள்ளப்படும். மனநோயினால் தன் செயலின் தன்மையை அறியாதவனாகவோ, அது தவறு என்பதை அறியாதவனாகவோ இருந்தான் என மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவன் விலக்குப் பெறான். சட்டம் கேட்ட வினா ஒன்றே: அவன் அறிந்தானா? அறிந்தும் அடக்க இயலாது போனானா என்ற வினாவிற்கு அவ்விதிகளில் இடமில்லை.

மருத்துவர் கண்ட மற்றொரு பிணி

விந்தை யாதெனில், அம்மற்றொரு வினாவை மருத்துவர்கள் முன்பே எழுப்பியிருந்தனர். 1801இல் பாரிசு மருத்துவர் பிலிப் பினெல், அறிவு சிறிதும் கலங்காதிருக்க வெறி மட்டும் பொங்கியெழும் நோயாளிகளைப் பற்றித் தம் நூலில் விளக்கினார். மெக்நாட்டன் வழக்கிற்கு எட்டாண்டுகள் முன்னதாக, 1835இல், பிரிஸ்டல் நகர மருத்துவர் ஜேம்ஸ் பிரிச்சார்டு இதனை மேலும் விரித்து, ஒழுக்கப் பித்து என்னும் கருத்தை நிறுவினார். சிந்திக்கும் திறன் குன்றாமலே ஒருவனுடைய உணர்வுகளும் இயல்பூக்கங்களும் பிறழ்ந்து போதல் கூடும் என்பது அவர் முடிபு. இன்று ஆளுமைக் கோளாறு எனப்படுவதனினும் அவர் கருத்து விரிந்தது. எனினும் இன்றைய கருத்திற்கு அது ஒரு மூலவேர் எனலாம்.

பின்வந்தோர் அவ்வேரினின்று கிளைகள் வளர்த்தனர். செருமானிய மருத்துவர் கர்ட் ஷ்னைடர் 1923இல் வெளியிட்ட நூலில், தம் இயல்பினால் தாமே துன்புறுவோரும் பிறரைத் துன்புறுத்துவோரும் எனப் பிறழ்ந்த ஆளுமையரை விளக்கினார். அமெரிக்கரான ஹெர்வி கிளெக்லி 1941இல், இனிய பேச்சும் கூரிய அறிவும் உடையவராய்த் தோன்றி, உள்ளே பரிவும் நாணமும் அற்றிருப்போரின் வாழ்க்கையை விரிவாக வரைந்து காட்டினார். 1980இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் கழகத்தின் நோய்ப் பகுப்பு நூலின் மூன்றாம் பதிப்பு, ஆளுமைக் கோளாறுகளைத் தனித் தொகுதியாகப் பிரித்து வைத்தது.

அறிவு வேறு, அடக்கம் வேறு என்பது தமிழருக்குப் புதிதன்று. வள்ளுவர் அடக்கமுடைமைக்கு 13ஆம் அதிகாரத்தையும் அறிவுடைமைக்கு 43ஆம் அதிகாரத்தையும் தனித்தனியே வகுத்துள்ளார். ஒன்று இருந்தால் மற்றொன்றும் தானே வந்துவிடும் என்று அவர் கொள்ளவில்லை. 1843இன் நீதிபதிகளோ அறிவை மட்டுமே அளந்தனர். பிற்கால மன்றங்களின் தடுமாற்றத்திற்கு இதுவே தோற்றுவாய்.

கடல் கடந்து வந்த பிரிவு

மெக்காலே தலைமையில் அமைந்த சட்ட ஆணையம் 1837இல் இந்தியாவிற்கென ஒரு குற்றவியல் சட்ட வரைவை அளித்தது. பல திருத்தங்களுக்குப் பின் அது 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டமாக நிறைவேறியது. இடைப்பட்ட காலத்தில் மெக்நாட்டன் விதிகள் தோன்றிவிட்டமையால், அவற்றின் சாயல் அச்சட்டத்தின் 84ஆம் பிரிவில் படிந்தது. மனநலமின்மையால் தன் செயலின் தன்மையையோ, அது தவறானது அல்லது சட்டத்திற்கு மாறானது என்பதையோ அறிய இயலாதவன் செய்தது குற்றமாகாது என்பதே அப்பிரிவின் பொருள்.

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்திய ஆட்சியோடு பிணைந்திருந்தவை. ஆதலின், 1871இல் அங்கு நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டமும் இந்தியச் சட்டத்தையே அடியொற்றியது. 84 என்னும் எண்ணும் மாறவில்லை. தமிழகத்தினின்று தோட்டங்களுக்கு வந்த தொழிலாளி சென்னையில் எந்தச் சட்டத்தின்கீழ் வாழ்ந்தானோ, ஏறக்குறைய அதே சட்டம் கடல் கடந்து இங்கும் அவன்மேல் நின்றது. இந்தியாவில் அச்சட்டம் 2024 சூலை முதல் நாளில் பாரதிய நியாய சன்ஹிதாவிற்கு இடம் விட்டது. ஆயினும் 84ஆம் பிரிவின் கருத்து புதிய சட்டத்தின் 22ஆம் பிரிவில் தொடர்ந்து வாழ்கிறது.

இரு வழக்குகள்: 1946, 1960

அறிவை மட்டும் அளக்கும் கோலின் விளைவை நெவில் ஹீத் வழக்கு காட்டும். விமானப் படையில் பணியாற்றிய இவன், 1946இல் பெண்கள் இருவரைக் கொடிய முறையில் கொன்றவன். கொன்றதில் ஐயமில்லை, அவன் மனநிலையே வழக்காயிற்று. பிறழ்ந்த ஆளுமை உடையவன் என்பதை அரசுத் தரப்பில் சான்று சொன்ன சிறை மருத்துவர்களும் மறுக்கவில்லை. எனினும் அவன் பித்தன் அல்லன் என்றனர். தான் செய்வதை அறிந்திருந்தாலும் அது தவறு என்று அவன் உணரவில்லை என எதிர்த்தரப்பு மருத்துவர் கூறிய கூற்று, குறுக்கு விசாரணையில் நிலைகுலைந்தது. ஜூரிகள் ஒரு மணி நேரத்திற்குள் முடிவு கண்டனர். அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் ஹீத் தூக்கிலிடப்பட்டான். முற்றும் பொறுப்புடையவன், முற்றும் பொறுப்பற்றவன் என்னும் இரண்டே கட்டங்களில் அவனுக்கு முதற் கட்டமே கிட்டியது.

இரண்டிற்கும் இடைப்பட்ட நிலை ஒன்றை ஸ்காத்லாந்து மன்றங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தன. 1867இல் டீஸ் பிரபு என்னும் நீதிபதி, மன நலிவினால் பொறுப்புக் குன்றியவனைக் கொலைக்குக் குறைந்த குற்றத்திற்கே உரியவனாக்கலாம் என ஜூரிகளுக்கு வழிகாட்டினார். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அக்கருத்து இங்கிலாந்தை எட்டியது. 1957ஆம் ஆண்டின் உயிர்க்கொலைச் சட்டம், மன இயல்பின்மையால் பொறுப்புணர்வு பேரளவில் குன்றியவன் கொலைக் குற்றவாளி ஆகான் என விதித்தது. வளர்ச்சிக் குறையாலோ, உள்ளார்ந்த காரணங்களாலோ, நோயாலோ, காயத்தாலோ அம்மன இயல்பின்மை வந்திருக்கலாம். உள்ளார்ந்த காரணங்கள் என்னும் சொற்றொடரே ஆளுமைக் கோளாற்றிற்கு வாயிலைத் திறந்தது.

அவ்வாயில் எத்துணை அகலமானது என்பதை 1960ஆம் ஆண்டின் பைர்ன் வழக்கு தெளிவாக்கியது. பேர்மிங்காம் நகர விடுதி ஒன்றில் இளம்பெண்ணைக் கொன்ற பாட்ரிக் பைர்ன், இளமை முதலே வன்மை கலந்த பிறழ்ந்த வேட்கைகளுக்கு ஆட்பட்டவன் என்றும், அவற்றைத் தடுப்பது அவனுக்கு மிக அரிது அல்லது இயலாது என்றும் மருத்துவர்கள் உரைத்தனர். கட்டுப்படுத்தும் ஆற்றல் குன்றியது மட்டும் போதாது என்று விசாரணை நீதிபதி ஜூரிகளுக்கு உரைத்தமையால், அவன் கொலைக் குற்றவாளி ஆனான். மேல்முறையீட்டில் தலைமை நீதிபதி பார்க்கர் பிரபு அதனை மாற்றினார். மனம் என்பது அறிவு மட்டும் அன்று. புலனறிவு, தீர்ப்பாற்றல், செயலை அடக்கும் மனவுறுதி ஆகிய யாவும் அதனுள் அடங்கும் என அவர் விளக்கினார். அறிவோடு அடக்கமும் எடைத்தட்டில் ஏறியது.

ஆயினும் பார்க்கர் பிரபு ஒரு வரம்பையும் வகுத்தார். தடுக்க இயலாத வேட்கை எது, தடுக்காமல் விட்ட வேட்கை எது என அறிவியலால் அளந்து காட்டவியலாது. ஆதலின், குறைவு எவ்வளவு என்பதைப் பொது அறிவு கொண்டு ஜூரிகளே துணிதல் வேண்டும் என்றார். பைர்னின் குற்றம் கொலையினின்று தாழ்ந்தது. ஆனால் அவனுக்கு விதித்திருந்த ஆயுள் தண்டனை சிறிதும் குறைக்கப்படவில்லை. பொறுப்புக் குறைந்தவன் என்பதனால் ஆபத்துக் குறைந்தவன் ஆகான் என்பதை மன்றம் மறக்கவில்லை.

பாலத்தின் இருபுறம்

பைர்ன் தீர்ப்பு வந்த மறு ஆண்டே சிங்கப்பூரில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அந்நாள் தன்னாட்சி பெற்றிருந்த சிங்கப்பூர், 1961இல் தன் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில் குறைந்த பொறுப்பு என்னும் விதிவிலக்கைச் சேர்த்தது. ஏழாம் விதிவிலக்கு என அறியப்படும் அது, 1957ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டச் சொற்களையே பெரிதும் தழுவியது. மலேசியத் தண்டனைச் சட்டத்தில் அத்தகைய விதிவிலக்கு இடம்பெறவில்லை. அங்கு 300ஆம் பிரிவின் விதிவிலக்குகள் ஐந்தே.

இதன் விளைவை எண்ணிப் பார்த்தல் தகும். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மேற்பட்டது. கடுமையான ஆளுமைக் கோளாறு உடைய ஒருவன் பாலத்தின் தென்புறம் கொலை செய்திருந்தால், தன் மன இயல்பின்மையை மெய்ப்பித்து உயிர் தப்பும் வழி ஒன்று அவனுக்கு இருந்தது. வடபுறம் செய்திருந்தால், மன நிலையைக் காட்டி விலக்குக் கோர 84ஆம் பிரிவு ஒன்றே உண்டு. அப்பிரிவோ அறிந்தானா என்று மட்டுமே கேட்கும், அவனும் அறிந்தவனே. கொலைக்கு மரண தண்டனை கட்டாயமாக இருந்த காலம் முழுவதும், மலேசிய நீதிபதி அவன் மனக் கோணலை உணர்ந்தாலும் தண்டனையைக் குறைக்க வகையில்லை.

மலேசியாவில் 2023 சூலை மாதம் அந்நிலை மாறியது. கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டு, கொலைக்கு மரணமோ, 30 முதல் 40 ஆண்டுச் சிறையோ விதிக்கும் உரிமை நீதிபதிக்குக் கிட்டியது. குற்றம் எது எனத் துணியும் கட்டத்தில் ஆளுமைக் கோளாற்றிற்கு இன்றும் இடமில்லை. தண்டனையைத் துணியும் கட்டத்தில் அதனை எடுத்துரைக்க இப்போது வாய்ப்புண்டு.

சிங்கப்பூரிலோ 2020 சனவரி முதல் 84ஆம் பிரிவே விரிந்தது. மனநலமின்மையால் தன் செயல்களை அடக்கும் ஆற்றலை முற்றும் இழந்தவனையும் அது இப்போது உள்ளடக்குகிறது. முற்றும் என்னும் சொல் ஈண்டுக் கூர்ந்து நோக்கத்தக்கது. காவலர் கண்முன் நிற்கையில் கையை மடக்கிக்கொள்ள வல்லவன் அடக்கத்தை முற்றும் இழந்தவன் ஆகான். ஆதலின், ஆளுமைக் கோளாறு உடையோருள் பெரும்பாலோர்க்கு அப்பிரிவு எட்டாக் கனியே. கொல்லும் எண்ணத்தோடு செய்த கொலைக்கு அந்நாட்டில் மரண தண்டனை கட்டாயமாகவே நிற்பதால், ஏழாம் விதிவிலக்கே அவர்களுக்கு உயிர்நாடி. மெய்ப்பிக்கும் சுமையும் குற்றஞ்சாட்டப்பட்டவன் தோளிலேயே தங்கும்.

வெள்ளியும் திங்களும்

நீதிபதிகள் இக்கோளாற்றை ஐயக் கண்கொண்டு நோக்குவதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆங்கிலேய அறிஞர் பார்பரா வூட்டன் 1959இல் அக்காரணத்தைத் தெளிவுறக் காட்டினார். இவன் ஏன் கொடுமை செய்தான் என்றால், மனம் பிறழ்ந்தவன் ஆதலால் என்கின்றனர். மனம் பிறழ்ந்தவன் என்பது எவ்வாறு தெரியும் என்றால், இத்தகைய கொடுமை செய்தான் ஆதலால் என்கின்றனர். இவ்வட்டத்தினுள் சுழல்வோன் குற்றம் பெருகப் பெருகப் பொறுப்புக் குறையும் என்னும் முடிவிற்கே வந்து சேருவான்.

அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனில் நிகழ்ந்தது இதற்கோர் எடுத்துக்காட்டு. 1954இல் அங்குள்ள மேல்முறையீட்டு மன்றம், செயல் மனநோயின் விளைவாயின் செய்தவன் பொறுப்பாளி அல்லன் என ஒரு புது விதியை வகுத்தது. எது மனநோய் என்பதை மருத்துவர் சொல்லே பெரிதும் முடிவு செய்யலாயிற்று. 1957இல் ஒரு வழக்கில், சமூகத்திற்கு மாறான ஆளுமை மனநோய் அன்று என செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனை மருத்துவர் வெள்ளிக்கிழமை சான்றளித்தார். திங்கட்கிழமை அம்மருத்துவமனையின் கருத்தே மாறி, அதுவும் மனநோயே என்றாயிற்று. இடையில் நோயாளி மாறவில்லை, பெயர்ப்பட்டியே மாறியது. அவ்விதி 1972இல் கைவிடப்பட்டது. மீண்டும் மீண்டும் குற்றம் செய்தல் ஒன்றையே மனநோய்க்குச் சான்றாகக் கொள்ளலாகாது என அமெரிக்கச் சட்டக் கழகம் 1962இல் தன் மாதிரிச் சட்டத்தில் எழுதியதும் இவ்வச்சத்தினாலேயே.

நார்வே நாட்டு வழக்கு இதே சிக்கலின் மறுபக்கத்தைக் காட்டும். 2011 சூலை 22ஆம் நாள் 77 பேரைக் கொன்ற ஆண்டர்ஸ் பிரெய்விக்கை ஆய்ந்த முதல் மருத்துவர் இருவர், அவனுக்கு மனச்சிதைவு நோய் என்றனர். அடுத்து ஆய்ந்த இருவர், தன்னையே பெரிதாகக் கருதும் ஆளுமைக் கோளாறு என்றனர். முதற் கருத்து நின்றால் அவன் தண்டனைக்கு உரியவன் ஆகான். இரண்டாவது நின்றால் முழுப் பொறுப்பாளி. தன்னைப் பித்தன் என்று அழைப்பதை அவனே வெறுத்தான். 2012 ஆகஸ்டு 24ஆம் நாள் மன்றம் இரண்டாம் கருத்தை ஏற்று, நீட்டிக்கத்தக்க 21 ஆண்டுத் தடுப்புக் காவலை விதித்தது. ஒரே மனிதன், ஒரே செயல்; மருத்துவர் இட்ட பெயர் ஒன்றே மருத்துவமனைக்கும் சிறைக்கும் இடையே எல்லைக் கோடாயிற்று.

இருமுனைக் கத்தி

ஆளுமைக் கோளாறு என்னும் சொல் குற்றவாளிக்கு எப்போதும் கேடயமாக அமைவதில்லை. பொறுப்பைக் குறைக்கும் அதே சொல், இவன் திருந்தான் என்னும் எண்ணத்தைத் தூண்டி, காவலை நீட்டவும் வல்லது. இங்கிலாந்தின் 1959ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனப்பிறழ்வு ஆளுமை என்னும் தனிவகையைப் படைத்து, அத்தகையோரை மருத்துவமனையில் அடைத்துவைக்க இடம் தந்தது. 2007ஆம் ஆண்டின் திருத்தம் அத்தனிவகையை நீக்கியது. அமெரிக்காவில், மனநலமற்றவன் என விடுவிக்கப்பட்டுப் பின் நலம்பெற்ற ஒருவனை, சமூகத்திற்கு மாறான ஆளுமை உடையவன், ஆபத்தானவன் என்னும் காரணம் ஒன்றே காட்டி மனநல மருத்துவமனையில் தொடர்ந்து அடைத்துவைத்தல் ஆகாது என 1992இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பும் ஐவர்க்கு நால்வர் என்னும் ஒற்றை வாக்கு வேறுபாட்டில் வந்ததே.

இவ்வரலாற்றை ஒருசேர நோக்குமிடத்து, மன்றங்களின் நடை ஒரு திசையில் செல்வது புலனாகும். முதலில் உண்டா, இல்லையா என்று கேட்டன; பின்னர் எவ்வளவு என்று கேட்கக் கற்றன. மருத்துவமும் அதே வழியில் வந்துள்ளது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பகுப்பில், 2022 முதல், ஆளுமைக் கோளாறுகளின் பழைய வகைப்பெயர்கள் பெரும்பாலும் கைவிடப்பட்டு, இலேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்னும் அளவே முதன்மை பெற்றுள்ளது. மனிதனின் பொறுப்புக்கும் படிகள் உண்டு என ஒப்புக்கொள்ளும் சட்டம், பாதிக்கப்பட்டவருக்கு அநீதி இழைப்பதாகாது. கன்றை இழந்த பசுவின் கண்ணீர் அங்கும் கணக்கில் கொள்ளப்படும், செய்தவன் காவலில் வைக்கப்படுவான், ஊர் காக்கப்படும். அவன் மனத்தில் இல்லாத ஆற்றலுக்காக அவன் உயிரைப் பறிப்பதை மட்டுமே அச்சட்டம் தவிர்க்க முனைகிறது.

வழக்குமன்றம் இக்கோளாற்றைச் சந்திப்பது அதன் வாழ்க்கையின் கடைசி அத்தியாயத்தில். முதல் அத்தியாயம் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் எழுதப்படுகிறது. பதினைந்து வயதிற்கு முன்பே ஒழுக்கக் கோளாற்றின் அறிகுறிகள் தோன்றியிருந்தாலன்றி ஒருவனைச் சமூகத்திற்கு மாறான ஆளுமை உடையவன் என மருத்துவர் முடிவு கட்டுவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் லீ இராபின்ஸ், செயின்ட் லூயிஸ் நகரில் சிறுவர் மருத்துவ நிலையத்திற்கு வந்தோரை முப்பதாண்டுக்குப் பின் தேடிக் கண்டு, 1966இல் ஒரு நூல் வெளியிட்டார். பெரியவரான பின் இக்கோளாறு உடையோர் பெரும்பாலும் சிறுவயதிலேயே அதற்கான அறிகுறி காட்டியவர். ஆனால் அறிகுறி காட்டிய சிறுவருட் பெரும்பாலோர் அவ்வாறு ஆகவில்லை என்பது அவர் கண்ட உண்மை.

விதிகளை ஒப்பிக்கத் தெரிந்தும் கையை அடக்கத் தெரியாத மாணவன் ஒருவன் ஏதேனும் ஒரு வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருப்பான். அவனை முரடன் எனப் பெயரிட்டு வெளியேற்றுதல் எளிது. அவ்வாறு வெளியேற்றப்பட்ட சிறுவருட் சிலரைப் பின்னாளில் நீதிபதியும் மருத்துவரும் வழக்குரைஞரும் சூழ்ந்து நின்று, இவன் அறிந்து செய்தானா, அடக்க இயலாமல் செய்தானா என்று நாட்கணக்கில் வாதிட நேரும். அந்நாள் வருமுன், அடக்கத்தையும் ஒரு பாடமாகக் கொண்டு பொறுமையோடு அவனுக்குப் பயிற்றும் காலம் ஆசிரியர் கையில் உள்ளது.